முற்றம் முழுக்க வெள்ளைக்கல் விரிக்கலாமா? (புளியரை, செங்கோட்டைப் பக்கம்)

புளியரைவாசி — ஜூன் 3

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை தாண்டி புளியரையில வீடு. வீட்டுக்கு முன்னால 40க்கு 25, ஆயிரம் சதுர அடி முற்றம். இப்போ வெறும் மண் தரை. சாரல் ஆரம்பிச்சா அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை முடியிற வரைக்கும் சேறுதான். அம்மாவுக்கு 71 வயசு. போன வருசம் மட்டும் ரெண்டு தடவை வழுக்கி விழுந்துட்டாங்க.

புனலூர்ல அத்தை வீட்டு முற்றம் முழுக்க வெள்ளை மார்பிள் சிப்ஸ் விரிச்சிருக்காங்க. பார்க்க அவ்வளவு சுத்தம். அதே மாதிரி செய்யலாம்னு ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு மேல கல்லைக் கொட்டிடலாம், 50 கிலோ மூட்டை 60 போதும், ரெண்டு நாள் வேலை, பத்து வருசத்துக்குக் களையே எடுக்க வேண்டாம்னு சொன்னார்.

வடகிழக்கு மூலையில ஒரு மாமரம் இருக்கு. காம்பவுண்டு ஓரம் இட்லிப்பூ வரிசை, செம்பருத்தி, மல்லி, நடுவுல துளசி மாடம். அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டுல இஷ்டமே இல்ல. "வாசல் தெளிச்சுக் கோலம் எங்க போடுவேன்?"னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


சரளைமேடு — ஜூன் 3

நாகர்கோவிலில் கட்டுமானப் பணியில் இருக்கிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

கல் விரிப்பு குறைந்தது 2 அங்குலக் கனம் இருக்க வேண்டும். 1000 சதுர அடிக்கு அது சுமார் 167 கன அடி. லாரிக் கணக்கில் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) ஒன்றே முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எடை ஏறக்குறைய 7 டன், அதாவது 140 மூட்டை. 60 மூட்டையைப் பரப்பினால் ஒரு அங்குலம்கூட வராது. நாலு பேர் நடந்ததும் கறுப்பு ஷீட் பல்லைக் காட்டும்.

அந்த ஷீட்தான் பெரிய பிழை. உங்கள் கூரையும் ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 5 செ.மீ. மழை என்றால் கூரையிலிருந்து மட்டும் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர் முற்றத்தில் விழும். இப்போது அதில் ஒரு பங்கையாவது மண் குடிக்கிறது. பிளாஸ்டிக் விரித்தால் சொட்டுக்கூட இறங்காது. சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். பெரும்பாலும் அது அஸ்திவாரத்தின் பக்கம்தான் இருக்கும். வீட்டுக்குள் சுவர் ஓதம் ஏறியது என்று அழைப்பு வந்து போய்ப் பார்த்தால், காரணம் முற்றத்தில் கிடந்திருக்கிறது. இரண்டு வீட்டில் நானே பார்த்தேன்.

எதை விரிக்கிறீர்களோ இல்லையோ, சுவரிலிருந்து வெளியே 10 அடிக்கு 2 அங்குலமாவது சரிவு கொடுத்துவிடுங்கள். அரை அடிக்கு மேல் போனால் மழையில் கல் கீழே இறங்கிக் குவியும்.


தெச்சிப்பூ — ஜூன் 4

தம்பி, நான் களியக்காவிளை. நீங்க செய்யப் போறதை நான் ஆறு வருசத்துக்கு முந்தி செஞ்சு, போன வருசம் காசு குடுத்து அள்ளி வெளியில போட்டேன். அதனால கொஞ்சம் நீளமா சொல்லுதேன்.

முதல் வருசம் அம்பிட்டு அழகு. வந்தவங்க எல்லாம் செருப்பைக் கழத்திட்டு நடப்பாங்க. ரெண்டாவது இடவப்பாதியில (தென்மேற்கு மழையில) கல்லு பச்சை பிடிச்சது. நம்ம பக்கம் மாசக்கணக்குல ஈரம் காயாதுல்லா. நிழல் பக்கம் உள்ளது பச்சை, அப்புறம் கறுப்பு. ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தச் சொன்னாங்க. ஊத்தினேன். கல்லு வெளுத்தது, ஓரத்துல நின்ன மல்லி பட்டுப்போச்சு.

அதைவிட எனக்கு வலிச்சது தெச்சிதான். (நீங்க இட்லிப்பூன்னு சொல்லுறதைத்தான் நாங்க தெச்சின்னு சொல்லுவோம்.) அம்மா நட்ட செடி, முப்பது வருசமா கொத்துக் கொத்தா பூத்தது. இளம் இலை மஞ்சளாச்சு, நரம்பு மட்டும் பச்சை. உரம் வெச்சேன், சாணி வெச்சேன், தேறவே இல்ல. கடைசியில ஒரு வேளாண்மை அலுவலர் வந்து பார்த்துட்டு, செடியைக் கவனிக்கல, கீழ கிடந்த கல்லைத்தான் எடுத்துப் பார்த்தார். மார்பிள்னா சுண்ணாம்பு. மழை கரைக்கக் கரைக்க மண்ணு காரமாகுது. தெச்சிக்கு புளிப்பு மண்ணு வேணும். காரம் ஏறினா மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேரால எடுக்க முடியாதாம். நம்ம செம்மண்ணுல இரும்புக்கா பஞ்சம்! இருந்தும் பட்டினி கிடந்திருக்கு.

உங்க இட்லிப்பூ வரிசைக்கிட்ட மார்பிளை கொண்டு போகாதீங்க. கெஞ்சிக் கேக்குதேன்.


கொழிஞ்சாம்பாறை — ஜூன் 4

எல்லாரும் கல்லே வேண்டாம்ங்கற மாதிரிப் பேசறீங்க, அதனால நான் மறுபக்கத்தைச் சொல்றேனுங்க.

நம்முளுது பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா. கேரளான்னு பேரு, ஆனா கிழக்குப் பக்கம் மழை குறைவு. கணவாய்க் காத்து வருசம் பூரா மண்ணை உறிஞ்சும். நான் வீட்டுக்கு மேற்கால ஒரு எண்ணூறு சதுர அடிக்குக் கருங்கல் சிப்ஸ் போட்டு ஏழு வருசமாச்சுங்க. ஷீட்டும் கிடையாது, துணியும் கிடையாது. மண்ணை ஒரு அடி கொத்தி, மக்கின எருவக் கலந்து, செடிய நட்டு, அதுக்கு மேல ரெண்டங்குலம் கல்லு. கத்தாழை, மருள், அடீனியம், நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், ஓரமா வெட்டிவேர். சித்திரையில கல்லை விலக்கி விரலை விட்டா அடியில ஈரம் தெரியுமுங்க. மண்புழு இருக்குது. தண்ணி விடறது முன்னால விட்டதுல பாதிகூட இல்லை.

இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கம் பெத் சாட்டோங்கற அம்மா 1990களின் ஆரம்பத்துல பழைய கார் நிறுத்துமிடம் ஒண்ணை இப்படித்தான் தோட்டமாக்குனாங்க. இறுகிக் கிடந்த தரையை முதல்ல உடைச்சு விட்டாங்க, அப்புறம் மக்கு, அப்புறம் வறட்சி தாங்கற செடி, மேல சரளை. இன்னிக்கு வரைக்கும் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சறதில்லை. அவங்க ஊரு அவங்க நாட்டுலயே மழை குறைஞ்ச பகுதி. என்னோடதும் அப்படித்தானுங்க. புளியரை அப்படியில்லை, தென்மேற்கு மழையும் உண்டு வடகிழக்கு மழையும் உண்டு. அதனால நான் செஞ்சதை அப்படியே நீங்க செய்யோணும்னு சொல்ல மாட்டேன். கல்லு கெட்டதில்லைன்னு மட்டும் சொல்றேன்.


புளியரைவாசி — ஜூன் 5

தெச்சிப்பூ அக்கா, நல்ல வேளை முன்பணம் கொடுக்கல. படிச்சதும் அத்தைக்கு போன் போட்டேன். அவங்க வீட்டுலயும் ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை கல்லை அள்ளிக் கழுவிப் போடுறாங்களாம். அது நமக்குத் தெரியாது பாருங்க, நாம கழுவின பிறகுதான் போய்ப் பார்க்கோம்.

சரி, மார்பிள் வேண்டாம். வேற வெள்ளைக்கல் இருக்கா? சித்தப்பா மகன் ஒரு யோசனை சொல்றான்: ஆத்துல உருண்டைக் கூழாங்கல் எக்கச்சக்கமா கிடக்கு, டிராக்டர்ல ரெண்டு நடை அள்ளிட்டு வந்தா செலவே இல்லங்கான்.


தெச்சிப்பூ — ஜூன் 5

ஆத்துக் கல்லு வேண்டாம் தம்பி. முதல்ல அது சட்டப்படி தப்பு. 1957ஆம் வருசத்து கனிமச் சட்டத்துலயே சரளையும் சிறு கனிமம்னுதான் இருக்கு, அனுமதியில்லாம அள்ளக் கூடாது. சட்டத்தை விடுங்க. அந்தக் கல்லுதான் ஆத்தோட அடியைப் பிடிச்சு வெச்சிருக்கு. கல்லுக்கு இடையிலதான் குஞ்சு மீனு, தவளை எல்லாம். மணலை அள்ளி அள்ளி குழித்துறை ஆத்தங்கரையில கிணறு எறங்கினதை சின்ன வயசுல இருந்து பார்த்தவ நான். நம்ம முற்றம் அழகா இருக்க ஆத்தை மொட்டையடிக்க வேண்டாம்.


சரளைமேடு — ஜூன் 5

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கல் நடைக்கு ஆகாது. கால் வைத்ததும் ஒன்றன்மேல் ஒன்று உருளும். உடைத்த கல்லுக்கு மூலை இருப்பதால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நடக்கிற இடத்துக்கு 12 மி.மீ. அரை ஜல்லி சரி. 20 மி.மீ. காலைக் குத்தும், 6 மி.மீ. செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும், டைல்ஸைக் கீறும்.

வெள்ளைக்கு ஆசைப்பட்டால் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கேளுங்கள். அது மண்ணை மாற்றாது. கடைக்காரர்கள் அதையும் மார்பிளையும் ஒரே பெயரில் விற்பார்கள். ஒரு கல்லை வாங்கிவந்து மேலே எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இனம். சில மார்பிள் லேசில் நுரைக்காது. அதைப் பொடித்து அதன்மேல் பிழிந்து பாருங்கள். சாயம் தோய்த்த சிவப்பு, நீலக் கற்களைத் திரும்பியும் பார்க்காதீர்கள், ஒரு வெயிலுக்குத் தாங்காது.

எனக்கு வேறொரு கேள்வி. முற்றம் முழுக்க ஏன் கல்? சேறு எங்கே உண்டாகிறது என்று மழையில் நின்று பார்த்தீர்களா?


புளியரைவாசி — ஜூன் 9

நேத்து நல்ல சாரல். குடையைப் பிடிச்சுட்டு அரை மணி நேரம் நின்னேன். நீங்க கேட்டது சரியான கேள்வி சார். முற்றம் முழுக்கச் சேறு இல்ல. இறவாணத்துல (கூரை ஓரத்துல) இருந்து தண்ணி விழுற கோட்டுல ஒரு வாய்க்கால் மாதிரி குழி விழுந்திருக்கு, அதுல இருந்து தெறிச்சு சுவருல முழங்கால் உயரத்துக்குச் செம்மண். அடுத்தது கேட்டுல இருந்து படி வரைக்கும் நாங்க நடக்கிற தடம். மத்த இடத்துல அருகும் கோரையும் கிடக்கு, அங்க சேறே இல்ல. அம்மா விழுந்தது ரெண்டு தடவையும் அந்தத் தடத்துலதான்.


சரளைமேடு — ஜூன் 9

அப்படியானால் உங்களுக்குக் கல் வேண்டியது அந்த இரண்டு இடத்துக்குத்தான்.

இறவாணக் கோடு: தண்ணீர் விழும் கோடு நடுவில் வரும்படி இரண்டடி அகலம், ஒன்பது அங்குல ஆழம் தோண்டுங்கள். அடியில் சரிவு வெளிப்பக்கம். ஆறு அங்குலத்துக்கு ஒன்றரை ஜல்லி (40 மி.மீ.), மேலே மூன்று அங்குலத்துக்கு முக்கால் ஜல்லி (20 மி.மீ.). விழுகிற தண்ணீரின் வேகத்தைக் கல் வாங்கிக்கொள்ளும், மண் தெறிக்காது. அந்த ஓடை முடிகிற இடத்தில் மழைநீர்க் குழி இருந்தால் அதிலேயே சேர்த்துவிடலாம்.

நடைபாதையில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: 71 வயது அம்மா நடக்கிற இடத்தில் உதிரிக் கல்லே வேண்டாம். நாளைக்குக் கைத்தடியோ வாக்கரோ வந்தால் அதன் கால் கல்லுக்குள் புதையும். சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் பலகையை இடைவெளி விடாமல் மூன்றடி அகலத்துக்குப் பதியுங்கள். அதற்கு இருபுறமும் ஓரடிக்கு அரை ஜல்லி. பார்வைக்கும் அழகு, பலகையில் விழும் தண்ணீர் வடியவும் இடம்.


நகரி எல்லை — ஜூன் 10

இடையில வரேன், மன்னிக்கணும். எங்க பக்கம் திருத்தணி, நகரி ரெண்டு ஊர்லயும் பாதைக்குக் கடப்பா கல்லுதான் போடுவாங்க, விலை கம்மி. நீங்களும் அதைப் பார்த்தீங்கன்னா பாலிஷ் போடாத முரட்டுக் கல்லா வாங்குங்க. பாலிஷ் கடப்பா மழையில கண்ணாடிதான். அதுவும் சுண்ணாம்புக்கல் இனம்தான், அதனால இட்லிப்பூ பக்கம் வேண்டாம். உங்க ஊர் மழைக்குக் கருங்கல்லே மேல்.


கொழிஞ்சாம்பாறை — ஜூன் 10

பாதையோரக் கல்லுக்கு அடியில துணி விரிக்கறதா வேண்டாமாங்கறது பாக்கி இருக்குதுங்க. நான் வேண்டாம்ங்கற கட்சி. மூணு வருசத்துல காத்துல வர்ற புழுதியும் மக்குன இலையும் துணி மேலயே படிஞ்சு மண்ணாயிருது, களை அதுல முளைச்சு வேரைத் துணிக்குள்ள விட்டுருது. அப்புறம் பிடுங்குனா துணியோட வருது. கோரைக்கிழங்குக்கு பிளாஸ்டிக் ஷீட்டே ஒரு பொருட்டில்லை, ஊசி மாதிரி குத்திட்டு மேல வந்துரும். இதைக் கழிச்சு வெச்சுட்டுத்தான் களையே வராதுன்னு விக்கறாங்க.


சரளைமேடு — ஜூன் 11

செடிப் பாத்திக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, அங்கே துணி கூடாது. ஆனால் மிதிபடுகிற இடமும் இறவாண ஓடையும் வேறு. துணி இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் கல் களிமண்ணுக்குள் இறங்கிவிடும், மேலே சேறு வந்துவிடும். போட்ட கல்லைத் தேட வேண்டியிருக்கும். அங்கே தண்ணீர் இறங்குகிற ஜியோ டெக்ஸ்டைல் துணியை நான் விட மாட்டேன். அது களைக்கு அல்ல. மண்ணையும் கல்லையும் பிரித்து வைக்க.


கொழிஞ்சாம்பாறை — ஜூன் 11

பிரிச்சு வெக்கறதுக்குன்னா ஒத்துக்கறேனுங்க. எங்க தரை காஞ்சு கெடக்கும், கல்லு இறங்கறது எனக்குத் தெரியாம போச்சு. ஆனா கோரையை முதல்லயே கிழங்கோட தோண்டி எடுத்திருங்க. ஒரு மாசம் விட்டு மறுபடி ஒருக்கா. இந்த ரெண்டு தோண்டலைச் சோம்பினா அப்புறம் ஆயுசுக்கும் தோண்டோணும்.


தெச்சிப்பூ — ஜூன் 11

மாமரத்தடியில கல்லு போடாதீங்க. கல்லு மேல விழுந்த இலையைப் பெருக்க முடியாது, ஈர்க்குவாரியல் கல்லையும் சேர்த்து இழுக்கும். பொறுக்கத்தான் செய்யணும். மாம்பூ உதிர்ற காலத்துல சொல்லவே வேண்டாம், மழைத் தண்ணி பட்டு பசை மாதிரி அப்பிக்கிடும். மரத்தடியில சருகே கிடக்கட்டும், மரத்துக்கு அதுதான் சாப்பாடு. துளசி, மல்லி தண்டுல இருந்தும் அரை அடி தள்ளியே கல்லு வரணும். மீனத்துல (பங்குனியில) கல்லு சுடுற சூட்டுல தண்டு வெந்துரும்.

பின்ன, அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. கல்லு விரிச்ச முற்றத்துல கோலம் கிடையாது. எங்க வீட்டுல அந்த அஞ்சு வருசமும் நான் வாசப்படியில சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஓட்டினேன். கல்லை அள்ளின மறுநாள் காலையில மண்ணுல சாணி தெளிச்சப்போ வந்த வாடை, எனக்கு அழுகை வந்துட்டு. கேட்டுக்கும் படிக்கும் நடுவுல அம்மாவுக்கு மண்ணு விடுங்க. ஆறுக்கு ஆறு போதும். அதைக் கொஞ்சம் மேடாக்கி, செம்மண்ணைத் தண்ணி தெளிச்சு இடிச்சுக் கெட்டிப்படுத்துங்க. சுத்திக் கல்லு ஓரம் கட்டிட்டா தண்ணி தேங்காது.


புளியரைவாசி — ஜூன் 12

அக்கா, இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "ஆறுக்கு ஆறு பத்தாது, மார்கழிக்கு எட்டு வேணும்"னாங்க. அந்தக் கோலக் கேள்விக்கு அப்புறம் இந்த விசயத்துல அவங்க பேசின முதல் வார்த்தை இதுதான். எட்டுக்கு எட்டு.


புளியரைவாசி — நவம்பர் 21

இழையை மேல கொண்டு வரேன், கேட்டவங்களுக்கு நன்றி சொல்லாம இருக்கக் கூடாது.

சாரல் கொஞ்சம் ஓய்ஞ்சதும் ஆவணியில வேலை செஞ்சோம். கோரையை ரெண்டு தடவை தோண்டினோம். ரெண்டாவது தடவை மூணு சட்டி கிழங்கு. இறவாண ஓடை 38 அடி நீளம், துணி, ரெண்டு அளவு ஜல்லி, முடிவுல மழைநீர்க் குழி. பாதை 22 அடிக்குக் கொத்தின கருங்கல். ஓரத்துக்கு அரை ஜல்லி, அது சிதறாம இருக்க செங்கலைக் குத்துக்கல்லா ஒரு அங்குலம் உயர்த்தி நட்டோம். இட்லிப்பூவுக்குக் கீழ கல்லே இல்ல, மாஞ்சருகுதான். வெங்கச்சங்கல் ரெண்டே மூட்டை, துளசி மாடத்தைச் சுத்தி. எலுமிச்சை பிழிஞ்சு பார்த்துத்தான் வாங்கினேன், முதல் கடையில நுரைச்சது, திரும்பி வந்துட்டேன். மொத்தத்துல ஒரு யூனிட் கல்லுகூட ஆகல.

போன வாரம் ரெண்டு நாள் விடாத மழை. சுவருல ஒரு துளி செம்மண் இல்ல. ஓடையில தண்ணி ஓடுற சத்தம் மட்டும் ராத்திரி பூரா கேட்டுச்சு. ஒரு குறை: கேட் பக்கம் பைக்கைத் திருப்புற இடத்துல ஓரக்கல் பள்ளம் விழுந்து சிதறுது. சரளைமேடு சார், அங்க என்ன செய்யலாம்?

கோலத்திட்டுக்கு அம்மா தினமும் காலையில அஞ்சரைக்கு வந்துடறாங்க. இன்னொண்ணு, மாடத்தைச் சுத்தி வெள்ளைக்கல்லுக்குள்ள துளசி விழுந்து முளைச்சிருக்கு. பதினேழு எண்ணினேன். களைன்னு பிடுங்கப் போனேன், அம்மா விடல.


சரளைமேடு — நவம்பர் 21

வண்டி திரும்புகிற இடத்தில் எந்த உதிரிக் கல்லும் நிற்காது. அந்த நாலடிக்கு ஜல்லியை எடுத்துவிட்டு அதே கருங்கல்லைப் பதித்துவிடுங்கள். எடுத்த ஜல்லியை ஓடையில் போடலாம், முதல் வருடம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.


தெச்சிப்பூ — நவம்பர் 22

துளசியைப் பிடுங்காதீங்க தம்பி. நாலு இலை வரட்டும். மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில கல்லை விரலால விலக்கி, அடி மண்ணோட எடுத்துச் சின்னக் கப்புல வையுங்க, ஒண்ணும் வாடாது. ரெண்டு எனக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்க அம்மாகிட்ட. தை மாசம் குற்றாலம் வருவோம், வாங்கிக்கிடுதேன்.